ஏழரைச் சாண் கட்டில்

ஏழரை வீடு வாங்கிவிட்டார் என்று எனக்கு முதலில் சொன்னவர் மளிகைக் கடைக்காரர். பருப்பு நிறுத்துக்கொண்டே சொன்னார். கண் தராசில் இருந்ததால் செய்தியில் கை கொஞ்சம் தாராளமாக விழுந்திருக்கலாம். அவர் சொன்ன வீட்டில் இரண்டு அறைகள் இருந்தன. முடிவெட்டுகிறவர் சொன்ன வீட்டில் மூன்று. நான் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள், அடுத்த நாற்காலியில் முகத்தில் நுரையோடு இருந்தவர் ஒரு பால்கனியும் கார் நிறுத்த இடமும் சேர்த்துவிட்டார். எங்கள் தெருவில் இவ்வளவு வேகமாக, இவ்வளவு மலிவாக யாரும் வீடு கட்டியதில்லை.

வதந்திகளை நான் பொதுவாகச் சோதிப்பதில்லை. சோதித்தால் பாதி செத்துப்போகும், பாவம். ஆனால் இதைச் சும்மா விட முடியவில்லை. ஏழரை ஒரு தச்சர். அவர் மனைவி பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவர். எங்களைப் போலவே வாடகைக்கு இருப்பவர்கள், ஒன்றாம் தேதியானால் வீட்டுக்காரர் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுப்பவர்கள். இவர்களால் முடியும் என்றால், மற்றவர்கள் இத்தனை வருஷமாகத் தத்தம் வீட்டில் சொல்லிவந்த சாக்கெல்லாம் என்ன ஆவது? "ஏழரையே வாங்கிட்டாராம்" என்று அந்த வாரம் எத்தனையோ மனைவிமார் சொன்னார்கள். அந்த 'யே'யில் இருந்த குத்தலைக் கணவன்மார் இன்னும் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

பெயர்க் காரணம் சொல்லிவிடுகிறேன். வம்புக்கு நாம் ஏழரை என்போம். இவருக்கு அது தொழிலால் வந்தது. அடுக்குமாடி கட்டுகிற நிறுவனங்கள் ஒரு வீட்டை மட்டும் முதலில் முடித்து, சாமான் போட்டு, மூலைக்கு மூலை விளக்கு வைத்து 'மாதிரி வீடு' என்று காட்டுவார்கள். அதற்கான மரச்சாமான்களைச் செய்வது இவர் வேலை. மனிதனுக்கு எண்சாண் உடம்பு என்பார்கள். கடையில் நாம் வாங்கும் கட்டில் எட்டரைச் சாண் இருக்கும். இவர் செய்வது ஏழரை. கட்டில் சுருங்கினால் அறை விரியும், அவ்வளவுதான் வித்தை. சாப்பாட்டு மேசையில் நாலு தட்டு வைக்கலாம், யாரும் முழங்கையைக் கொண்டுவராத வரை. அலமாரியில் சட்டையை ஒருக்களித்துத்தான் தொங்கவிட முடியும். அறைகளுக்குக் கதவே கிடையாது. கதவு இருந்தால் திறக்க வேண்டும், திறந்தால் எதன் மீதாவது இடிக்கும்.

"யாராவது படுத்துப் பார்த்தா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வீடு வாங்க வர்றவன் கட்டிலைத் தட்டிப் பார்ப்பான், தலையணையை அமுக்கிப் பார்ப்பான். படுக்க மாட்டான். வெக்கம்."

வதந்தியை எடுத்துக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனேன். ஒரு பிளைவுட் பலகையை அளந்துகொண்டிருந்தார். அளந்தார், டேப்பைச் சுருக்கினார், திரும்ப அதையே அளந்தார்.

"வீடு வாங்கிட்டீங்களாமே?"

"யார் சொன்னா?"

"மளிகைக் கடைக்காரர்."

"அவர் கணக்குல எத்தனை ரூம்?"

"ரெண்டு."

"நேத்து டீக்கடையில நாலு சொன்னாங்களே. குறைஞ்சுக்கிட்டே வருதா? இன்னும் ரெண்டு நாள் போகட்டும் சார், நம்மால முடிஞ்ச அளவுக்கு வந்து நிக்கும்."

சிரிக்கவில்லை. மூன்றாம் முறையாக அதே பலகையை அளந்தார். பிறகு உட்கார்ந்தார், எழுந்தார், வாசல் வரை போய் வந்தார். வீடு வாங்கியவர் நடக்கிற நடை அது இல்லை. விசாரித்ததில் வந்த உண்மை இது: வாங்கவில்லை. முன்பணம் மட்டும் கொடுத்திருந்தார். இப்போது அதைத் திருப்பி வாங்க வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

தொடக்கம் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. மகனுக்குக் கல்யாணம், இரண்டு மாதத்தில் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். இந்த ஊரில் வாடகை ஏறுகிற வருஷங்களில் வீட்டுக்காரர்களின் மகன்களுக்கு எப்படியோ வரன் கூடிவிடுகிறது. காலி செய்து வேறு வாடகை வீட்டுக்குப் போனால் அங்கே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். அதற்கென்று இருவரும் ஒரு தொகை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

சொந்த வீட்டு ஆசை இல்லாமல் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து சேர்த்தார்கள். ஆனால் அது நின்றுகொண்டிருக்கிற பேருந்தை நோக்கி ஓடுவது மாதிரி. கைப்பிடிக்கு ஒரு முழம் இருக்கும்போது கிளம்பிவிடும். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் கிளப்புகிறார் என்பது ஏழரையின் சந்தேகம். அறம், பொருள், இன்பம், வீடு என்று பெரியவர்கள் வரிசை போட்டு வைத்தார்கள். அந்த வீடு வேறு, இந்த வீடு வேறு என்பார் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர். அவர் வங்கியில் கடன் கேட்டுப் போனதில்லை போலிருக்கிறது. இரண்டும் உயிர் போனபிறகுதான் கைக்கு வரும்.

இந்த நேரத்தில்தான் ஏழரை சாமான் செய்துகொடுத்த கட்டட நிறுவனத்தின் விற்பனை மேனேஜர், "மாஸ்டர், நம்ம ஆளு நீங்க. மாசக் கடைசிக்குள்ள முன்பணம் போட்டா பழைய விலைக்கே முடிச்சுத் தர்றேன்" என்றார். பழைய விலையும் ஆகாயத்தில்தான் இருந்தது, ஆனால் மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற ஆகாயம். வங்கித் தவணை ஏழரையின் சம்பளத்தை முழுசாக விழுங்கும். மனைவி சம்பளத்தில் மூன்று பேரும் சாப்பிட வேண்டும். அதற்கும் துணிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதிரி வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

மகளும் போனாள். அப்பாவைத் தாண்டி வளர்ந்துவிட்ட பெண். வீட்டில் ஒட்டகம் என்று கூப்பிடுவார்கள்.

தான் செய்த சோபாவில் தேய்த்த சட்டையோடு வாடிக்கையாளராக ஏழரை உட்கார்ந்தார். விற்பனைப் பெண் அவர் செய்த அலமாரியை அவருக்கே விளக்கினாள். "பாருங்க சார், எவ்வளவு இடம்." அவரும் தலையாட்டினார். ஒட்டகம் கட்டிலில் சாயப் போனபோது அந்தப் பெண் ஓடிவந்து, "பாப்பா, படுக்க வேணாம்மா, பெட்ஷீட் கசங்கிடும்" என்றாள்.

"தவணை ஒண்ணும் பெரிசா தெரியாது மேடம். முதல் ரெண்டு மாசம்தான். அப்புறம் பழகிடும்" என்று மனைவி பக்கம் திரும்பினாள் விற்பனைப் பெண்.

மனைவி கணவர் காதில் சொன்னார்: "கேட்டீங்களா? நானும் இதையேதான் சொல்லுவேன், ஊசி குத்துறதுக்கு முன்னாடி."

"சும்மா இரு. ஜன்னலைப் பாரு."

ஜன்னல் நன்றாகத்தான் இருந்தது. ஏழரை மனசுக்குள் கணக்குப் போட்டார். கட்டில் போட்டாயிற்று, பக்கத்தில் மேசை போட்டாயிற்று, அப்படியும் நடக்க இடம் மிச்சம் இருக்கிறது. ஒட்டகத்துக்குப் படிக்க ஒரு மூலையும் தேறுகிறது. தொடக் கூடாத தொகையைத் தொட்டு, அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டார்.

மறுநாள் பட்டறைத் தரையில் அந்த அறையின் அளவைச் சாக்கட்டியால் வரைந்து, எந்தச் சாமான் எங்கே என்று குறிக்க உட்கார்ந்தார். வீட்டில் இருக்கிற கட்டிலின் அளவைப் போட்டதும் மேசை கோட்டுக்கு வெளியே போனது. மேசையை உள்ளே இழுத்தால் கதவு திறக்க இடமில்லை. மனைவியும் மகளும் வந்து பார்த்தார்கள். ஒட்டகம் கோட்டுக்குள் நின்று, இடம் தேடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அப்பா, நான் எங்க?" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. அவர் அந்த அறையை அளந்தது மாதிரி வீட்டுக்குத் தான் செய்த கட்டிலை வைத்து. அந்தக் கட்டில் ஏழரை என்பது ஊருக்கே தெரியும், அவருக்குப் பெயரே அதுதான்.

"ஊரை ஏமாத்துற கட்டிலை நீங்களே செஞ்சு, அதுல நீங்களே படுத்துட்டீங்களே" என்றார் மனைவி.

"படுக்கலையே. படுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

இதற்கு மேல் அந்த வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. வீட்டைக் காலி செய்ய வேண்டிய தேதி மட்டும் பேசாமல் நெருங்கிக்கொண்டிருந்தது. முன்பணம் போனால் போனதுதான் என்றால் சொந்த வீடும் இல்லை, வாடகை வீட்டுக்கு அட்வான்ஸும் இல்லை. மூன்று பேரும் பட்டறையில் மரத்தூள் மேல்தான் படுக்க வேண்டும்.

மேனேஜரைப் பார்க்க நானும் கூடப் போனேன். "ஒரு ஆள் பக்கத்துல இருந்தா எனக்கு வாய் வரும் சார்" என்றார் ஏழரை. போன இடத்தில் வாய் வந்தது மேனேஜருக்குத்தான்.

"மாஸ்டர், கட்டில் சின்னதுன்னு வெளியாள் சொன்னா நியாயம். நீங்க சொல்லலாமா? அதைச் செஞ்சது யாரு?"

"நான்தான்."

"அளவு தெரியுமா தெரியாதா?"

"தெரியும். அன்னிக்கு ஞாபகம் வரல."

"இதை நான் மேல எப்படிச் சொல்றது? தன் கட்டிலைப் பார்த்துத் தானே மயங்கிட்டார்னா? உங்க வேலைக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் யார் தருவாங்க, சொல்லுங்க."

ஏழரையின் முகத்தில் ஒரு கணம் பெருமை ஓடி மறைந்ததை நான் பார்த்தேன். மேனேஜரும் பார்த்துவிட்டார். குரலைத் தாழ்த்தினார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. ஆனால் நம்ம மாஸ்டர் என்பதால் ஒன்று செய்யலாம். அடுத்த கட்டடத்துக்கு மாதிரி வீடு தயாராகிறது. அதற்கு மரச்சாமான் செய்து கொடுங்கள். ஒவ்வொரு சாமான் வந்து இறங்கும்போதும் கூலியோடு முன்பணத்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தந்துவிடுகிறேன்.

"அதாவது, என் காசை வாங்க நான் வேலை செய்யணும்."

"கூலியும் உண்டே மாஸ்டர்."

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி கொஞ்சம் யோசித்தார். "நம்மகிட்ட எடுத்த ரத்தத்தையே பாட்டில்ல போட்டு நமக்கு ஏத்துறாங்க. சரி, போங்க. குரூப்பாவது சேரும்."

போனார். சோபா இறங்கியது, ஒரு பங்கு வந்தது. மேசை இறங்கியது, இன்னொரு பங்கு. அலமாரிக்கு வந்த பங்கோடு, இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள். கொஞ்சம் குறைந்தது. மிச்சத்தை அந்த மாதம் முடிவதற்குள் தருவதாகச் சொல்லிச் சாவி வாங்கினார்கள். மாடிப்படி குறுகல். பீரோவைக் கயிறு கட்டி ஜன்னல் வழியாக ஏற்றினோம். என் இடுப்பு அதை இன்னும் மறக்கவில்லை. வீட்டுக்காரருக்கு மகன் உண்டா என்று ஏழரை முதல் நாளே விசாரித்துக்கொண்டார். உண்டு, ஆனால் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். கொஞ்ச காலம் நிம்மதி.

நிம்மதி என்று எழுதிவிட்டேன். அவர் எங்கே நிம்மதியாக இருந்தார்? புது வீட்டில் ஒரு சுவர் விடாமல் தட்டிப் பார்த்தார். படுத்தால் அறையின் நீளத்தைக் காலால் அளந்தார். மற்றவர் வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன் நாற்காலியைக் கண்ணால் அளப்பார். கடைசியாகக் கட்டில் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அது இறங்கினால் கடைசிப் பங்கும் வரும், அட்வான்ஸ் மிச்சமும் தீரும். அதைச் செய்ய மட்டும் நாள் தள்ளிக்கொண்டே போனார். இழைப்புளியை எடுப்பார், வைப்பார். ஒரு நாள் திடீரென்று முடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்.

மாதிரி வீட்டுத் திறப்பன்று காலையில் மேனேஜர் உள்ளே போனார். ஜன்னல் பக்கம் போக அவரே ஒருக்களிக்க வேண்டியிருந்தது. டேப்பை வைத்துப் பார்த்தார். ஏழரை இல்லை. எட்டரை. சுளையாக ஒரு சாண் அதிகம்.

வேறு கட்டிலுக்கு நேரமில்லை. அன்று வீடு பார்க்க வந்தவர்கள் அந்த அறையில் வரிசையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, ஜன்னலைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி நகர்ந்து வெளியே வந்தார்களாம். ஒருவர், ரூம் கொஞ்சம் நெருக்கமா இருக்கே, என்று வாய்விட்டே சொன்னாராம். முன்பணம் கொடுக்க அன்றைக்கு யாரும் முந்தவில்லை. மறுநாள் அந்த அறையைத் துணி போட்டு மறைத்து, வேலை நடக்கிறது என்று பலகை வைத்துவிட்டார்கள்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கை தவறிடுச்சு சார்" என்றார். மனைவியிடம், நல்ல மரம், வெட்ட மனசு வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். மகளிடம், உன்னை நினைத்துக்கொண்டே அளந்துவிட்டேன் என்றாராம். இந்த மூன்றில் எது உண்மை என்று சோதிக்க நான் போகவில்லை.

மேனேஜர் கடைசிப் பங்கை நிறுத்தி வைத்திருக்கிறார். கூடுதலாக ஒரு சாண் மரம் போட்டதற்கும், ஒரு நாள் வியாபாரம் கெட்டதற்கும் அதில் பிடித்துக்கொள்வாராம். ஏழரை கணக்கை வேறு மாதிரி போடுகிறார். கேட்டதற்கு மேல் ஒரு சாண் கொடுத்திருக்கிறேன், அதற்கு நீங்கள் அல்லவா எனக்குத் தர வேண்டும் என்கிறார்.

"அந்த ஒரு சாணை அறுத்துக் குடுங்க மாஸ்டர், பேசித் தீர்த்துக்கலாம்."

"அறுக்குறதுக்குத் தனிக் கூலி. முன்பணம் குடுத்தா வர்றேன்."

சனிக்கிழமைதோறும் போய் இதைப் பேசிவிட்டு வருகிறார். புது வீட்டுக்காரரும் இப்போது சனிக்கிழமைகளில் படியேறி வந்து, "என்னாச்சு, அந்த மிச்சம்?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார். இந்த வாரம் இரண்டு பேருக்கும் நடுவில் படிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். "வந்துடும்ங்க, ஒரு சாண்தான் பாக்கி" என்றார் ஏழரை. வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.