பழைய இறக்கைக் கலப்பையும் என் நெஞ்சுப் படபடப்பும்

டிராக்டர் ஓட்டுவது பெரிய வித்தையே இல்லை. பின்னால் வருகிற கலப்பை என்ன செய்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொள்வதுதான் எங்கள் தொழில். பழசை வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் வருசக்கணக்கில் ஜீப்பு ஓட்டியவன் நான். அங்கே வராத பயமெல்லாம், மண்ணைப் புரட்டிப்போடுகிற, ரெண்டு கொழு வைத்த பழைய இறக்கைக் கலப்பையை வாங்கி உழவுக்குப் போன பிறகுதான் வந்தது.

கீறலோடு சரி

முதல் சோலி ராசிங்காபுரத்தில், தாய்மாமன் முறையுள்ள பெருமாள் நிலத்தில். கலப்பையை இறக்கி வண்டியை எடுத்தேன். மண்ணைப் புரட்ட வேண்டிய கலப்பை மேலோடு கீறிக்கொண்டே வந்தது. ரெண்டு கல்லைத் தூக்கி அதன் மேல் வைத்தேன். அப்போதும் இறங்கவில்லை. டீக்கடையிலிருந்து நாலு பேர் வரப்புக்கே வந்துவிட்டார்கள்.

கொழு முனை தேய்ந்திருந்தால் கலப்பையை மேலே வண்டியோடு பிணைக்கிற டாப் லிங்க் தண்டைச் சுற்றிச் சுருக்க வேண்டும், அப்போதுதான் கலப்பை மண்ணில் மூக்கைக் குத்தும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. எத்தனை சுற்று என்று அவர் சொல்லவில்லை. பயத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றிவிட்டேன். பத்தடி போவதற்குள் கலப்பை முழங்கால் ஆழத்துக்குப் புதைந்தது. வண்டி கரும்புகை கக்கி நின்றுபோனது. பெருமாள் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"மாப்ளே, மொதல்ல கோலம் போட்டே, இப்பக் கெணறு வெட்டுறே. எப்பத்தான் உழுவே?"

உடையாத போல்ட்டு

சுற்றுக் கணக்கு பிடிபட்டதும் போல்ட்டு ஆரம்பித்தது. கல்லில் மோதினால் கலப்பைக்குப் பதிலாகத் தான் முறிந்துபோக வேண்டும் என்றே ஒரு மெல்லிய போல்ட்டு உண்டு. ஒரே வாரத்தில் அது மூணு தடவை முறிந்தது. ஒவ்வொரு தடவையும் நிலத்துக்காரர் முகத்தைப் பார்க்கக் கூச்சம். நாலாவது தடவை, எதற்கும் அசையாத கெட்டி போல்ட்டாகப் பார்த்து மாட்டினேன்.

மறுநாள் மண்ணுக்குள் கிடந்த பாறையில் கொழு சிக்கியது. போல்ட்டு முறியவில்லை. கண்ணுக்கு முன்னால் முன்சக்கரம் ரெண்டும் மேலே எழும்பின. கிளட்ச்சை மிதித்தேனா, கால் தானாகப் போனதா, தெரியாது. வண்டி தொப்பென்று விழுந்ததில் ஸ்டீயரிங் நெஞ்சில் இடித்தது. வளைந்துபோன லிங்க்கையும் அந்தப் போல்ட்டையும் கழற்றிக்கொண்டு போடிக்கு வந்தேன். வெல்டிங் பட்டறைக்காரர் அந்தக் கெட்டி போல்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் குப்பையில் எறிந்தார்.

"அப்பு, போல்ட்டு ஒடைஞ்சா அஞ்சு நிமிசச் சோலி. ஒடையலைன்னா ஒன்னைய நாலு பேரு தூக்கிட்டு வரணும்."

மேட்டு மூலை

சிலமலைப் பக்கம் பாண்டியம்மாளுக்குச் சரிவு நிலம். புருசன் மலையில் தோட்டவேலை. உழவு, விதைப்பு எல்லாம் தனியாளாக அந்தப் பிள்ளைதான் பார்த்தது. விதைக் கடலையை ஓடு உடைத்தே வைத்துவிட்டது, இனி நாள் கடத்த முடியாது. மலையில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

"வெரசா முடிச்சுக் குடுங்கண்ணே" என்றது.

சரிவுக்குக் குறுக்காகவே ஓட்டினேன். கலப்பை சொன்னபடி கேட்டது. மேட்டு மூலை மட்டும் மிச்சம். அங்கே திரும்பியபோது மேல்பக்கத்துப் பின்சக்கரம் மண்ணை விட்டு எழும்புவது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. வண்டியை அப்படியே பின்னால் விட்டுச் சமதளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். பயந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "கலப்பைய மாட்டுற பின்னு கழண்டுருச்சும்மா" என்று குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். முதல் தூறல் முதுகில் விழுந்தது. பாண்டியம்மாள் கிட்டே வந்து பின்னைத் தொட்டுப் பார்த்தது.

"பின்னு நல்லாத்தாண்ணே இருக்கு, ஒங்க கைதான் நடுங்குது. விடுங்க, அந்த மூலைய நான் மம்பட்டியால கொத்திக்கிறேன்."

இவ்வளவு பட்டும் ஏன் புதுக் கலப்பை வாங்கவில்லை என்று கேட்பீர்கள். இதன் கோளாறு பூராவும் எனக்கு மனப்பாடம், புதுசு வாங்கினால் மறுபடியும் முதலிலிருந்து பயப்பட வேண்டுமே!