பூனையும் எட்டு மஞ்சள் காலுறைகளும்

நடந்தால் அவளுக்குச் சத்தமே வராது. ஸ்பேனரை எடுத்தாலும் வைத்தாலும் சத்தம் வராது. அதனால் அண்ணன் பட்டறையில் எல்லோருக்கும் அவள் ‘பூனை’. பதினாறு வருஷமாகத் தண்ணீர்க் குழாய் பக்கத்து மூலைதான் அவளுக்கு. ஊரில் ஒழுகுகிற ரேடியேட்டரெல்லாம் அங்கே வரும், அவள் ஓட்டையை வெல்டிங் வைத்து அடைப்பாள், அது போய்விடும். அடுத்தவர் ஓட்டையை அடைத்தே ஆயுசு முடிந்துவிடுமோ என்று அவளுக்கு ஒரு பயம் இருந்தது. பட்டறைக்குப் பின்னால் பழைய டயர் அடைந்து கிடந்த ஷெட்டைக் கடந்து போகும்போதெல்லாம், அதற்குள் தன் மேஜையை எங்கே போடலாம் என்று மனசுக்குள் அளப்பாள். யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் பல் டாக்டர் தன் சிவப்புக் காரைக் கொண்டுவந்தார். முப்பத்தைந்து வயதான டர்போ கார். இரண்டே கதவு. தன் பற்களைக்கூட அவர் அவ்வளவு பளபளப்பாக வைத்திருக்கவில்லை.

“மலை ரோட்டுல முதல் தடவை ஏறும்போது புலி. மூணாவது தடவை ஏத்தினா ஆடு. என்னன்னு பாருங்க” என்றார்.

“டர்போ போயிடுச்சு டாக்டர். மாத்திடலாம்” என்றான் அண்ணன். பார்க்காமலேயே சொன்னான்.

“காத்து சூடாகுது.”

யார் பேசியது என்று இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் பூனை நின்றிருந்தாள். பேசிவிட்டதில் அவளுக்கே அதிர்ச்சி. ஆனாலும் பாதியில் விடவில்லை. டர்போ காற்றை அமுக்கி அனுப்புகிறது, அமுக்கினால் காற்று சூடாகும், சூடான காற்றுக்குத் தெம்பு கிடையாது. அதை ஆற்றத்தான் இன்டர்கூலர். அதுவோ இந்தக் காரில் கையகலம். அதையும் எஞ்சின் தலையிலேயே வைத்திருக்கிறார்கள்.

“கொதிக்கிற பானை மேல உக்காந்துகிட்டு விசிறிக்கிற மாதிரி” என்றாள். “பெருசா ஒண்ணு செஞ்சு முன்னாடி பம்பருக்குப் பின்னால வச்சா எதிர்க்காத்துல ஆறிடும்.”

டாக்டர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன் அவன்.

“சரி, செய். மூணாவது ஏத்தமும் முதல் ஏத்தத்தோட நேரத்துலயே வந்தா பின்னாடி ஷெட் உனக்கு. வரலைன்னா இனிமே டர்போங்கிற வார்த்தை உன் வாயில வரக்கூடாது.”

ஷெட்டை அவள் பார்த்த பார்வையை அவனும் பார்த்திருக்கிறான் போலும்.

பன்னிரண்டு நாள் வேலை. அலுமினியத்தில் முறம் அளவுக்கு ஒரு இன்டர்கூலர் செய்தாள். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றை ஏற்றினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. அண்ணியின் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்த குழந்தைக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

குழாய்களைப் பொருத்தும்வரை திறந்த வாய்களுக்குள் தூசி போகக்கூடாது. பழந்துணி நூல் விடும் என்று அண்ணியிடம் குழந்தையின் காலுறைகளைக் கேட்டு வாங்கினாள். மஞ்சளில் நாலு ஜோடி. டர்போவுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, இன்டர்கூலருக்கு இரண்டு, இரண்டு குழாய்களுக்கும் நாலு. எட்டு வாய்க்கு எட்டு. அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின.

“என் பிள்ளைக்கு இருந்த கால் ரெண்டு. இப்ப பத்தாயிடுச்சு” என்றாள் அண்ணி.

கடைசி நாள் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் எண்ணினாள். ஏழு. மறுபடி எண்ணினாள், ஏழுதான். குனிந்தால், மேஜைக்கடியில் தவழ்ந்த குழந்தையின் ஒரு காலில் மஞ்சள் காலுறை. ‘திருடா!’ என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு, ஏழும் ஒன்றும் எட்டு என்று குழாய்களைப் பொருத்திக் கிளாம்புகளை முறுக்கினாள்.

மறுநாள் காலை டாக்டர் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார, பின்சீட்டில் அண்ணன் முழங்கால் மோவாயில் இடிக்க மடங்கிக்கொண்டான். கார் தெருமுனையைத் தாண்டவில்லை, இருமியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பெருமூச்சு விட்டது. ஒரு சைக்கிள்காரர் மணியடித்து முந்திப் போனார்.

“புலியும் இல்ல, ஆடும் இல்ல. ஆமை” என்றான் அண்ணன். டாக்டர் சிரிக்காமல் காரைத் திருப்பினார். அதுதான் அவளுக்கு வலித்தது.

தள்ளாத குறையாகத் திரும்பி வந்தார்கள். வாசலில் அண்ணி குழந்தையோடு நின்றாள். குழந்தையின் இரண்டு காலிலும் மஞ்சள் காலுறை.

பூனை அந்தக் கால்களையே பார்த்தாள்.

“அண்ணி, இது எது?”

“இது அஞ்சாவது ஜோடி. ஒண்ணை நேத்து உருவிப் போட்டுட்டான், கட்டிலுக்கடியில கிடந்துச்சு. அது இருக்கட்டும், உன்கிட்ட இருக்கிற எட்டும் எப்ப வரும்?”

பூனைக்கு முதலில் காது சூடானது. அப்புறம் வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. சிரித்துக்கொண்டே போனட்டைத் திறந்தாள், சிரித்துக்கொண்டே கிளாம்பைத் தளர்த்தினாள். டர்போவிலிருந்து வரும் குழாயைக் கழற்றியதும், இன்டர்கூலரின் வாய்க்குள், சல்லடைபோல் நெருங்கிய தகட்டுக் கண்ணியில் அப்பிக்கொண்டு, அதோ எட்டாவது! எஞ்சின் பக்கம் போகாமல் அவள் செய்த கண்ணியே தடுத்திருந்தது. இரண்டு விரலால் இழுத்தாள். கரி பூசி, எண்ணெய் நாறி, வெதுவெதுப்பாக வந்தது.

“நாப்பது வருஷ டாக்டர் தொழில்ல பல்லுதான் பிடுங்கியிருக்கேன்” என்றார் டாக்டர். “காலுறை பிடுங்கிப் பார்த்ததில்ல.”

“மறுபடியும் போலாம்” என்றாள் அவள். கேட்கவில்லை, சொன்னாள்.

மலையடிவாரத்தில் அவள் கடிகாரத்தை அழுத்தினாள். டாக்டர் மிதித்தார். சிவப்புக் கார் ஒரு நொடி யோசித்தது, அப்புறம் யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் பாய்ந்தது. அண்ணனின் தலை கூரையில் ‘டொம்’ என்றது. வளைவுகள் எதிரே வந்து வந்து விலகின. உச்சியில் பார்த்தாள்: ஒரு நிமிஷம் நாற்பத்தெட்டு நொடி.

இறங்கி மறுபடி ஏறினார்கள். நாற்பத்தெட்டு.

மூன்றாவது ஏற்றம். பாதி மலையில் வழக்கமாக அது களைக்கும் வளைவு. டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கார் களைக்கவில்லை. விசிலடித்துக்கொண்டு போனது. அந்தக் காருக்குள் யாரோ ‘ஊய்ய்ய்!’ என்று கத்தினார்கள். அது தன் குரல்தான் என்று தெரிய அவளுக்கு இன்னொரு வளைவு ஆனது.

நாற்பத்தெட்டு.

அவள் கடிகாரத்தைப் பின்சீட்டுக்கு நீட்டினாள். அண்ணன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

“டாக்டர், இன்னும் ஒரு தடவை! ஒரே தடவை!” என்றான், நெற்றிப் புடைப்பைத் தேய்த்துக்கொண்டே.

“ஷெட்டு?” என்றாள்.

“அட, எடுத்துக்கோ தாயே! முதல்ல ஏத்தச் சொல்லு!”

நாலு முறை ஏறியபின் பட்டறைக்கு வந்தால் ஷெட் கதவு திறந்தே கிடந்தது. பாதி டயர்கள் வெளியே. அண்ணி முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரு டயரை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“யார் சொன்னா உனக்கு?” என்றான் அண்ணன்.

“மலைச் சத்தம் இங்க கேக்காதா? மூணும் ஒரே சத்தம்தான்” என்றாள் அண்ணி. “நாலாவதுதான் எதுக்குன்னு புரியல.”

அண்ணன் குனிந்து ஒரு டயரைத் தூக்கினான்.

கரி பிடித்த காலுறையைப் பூனை ஷெட் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். ஓங்கி, தெருமுனை வரை கேட்கும்படி, நாலு அடி.