தறி நின்ற அரை மணி நேரம்

என் வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொன்னபோது நான் நம்பவேயில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் கோபக்காரி நான்தான் என்பார்கள். அவர் ஒருவரையும் அதட்டிப் பேசியதில்லை. கொதிப்பு வருவதென்றால் எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்?

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆரணியில் எங்கள் தெரு முழுக்கப் பட்டுத்தறி. முகூர்த்த மாதம் நெருங்கினால் முதலாளியின் ஆள் காலையும் மாலையும் வந்து, "சேலை எப்ப முடியும்?" என்று உயிரை எடுப்பான். இவர் எல்லாவற்றையும் உள்ளேயே அடக்கிக்கொள்வார். "மாத்திரையை விடாதீங்க. அதோட தினமும் கண்ண மூடி, கொஞ்ச நேரம் மூச்சை கவனிங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

இவர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தபடியே தியானம் செய்ய ஆரம்பித்தார். எங்கள் தெருப் பெண்களுக்கு அடுப்படியில் இருந்தாலும் காது தறிமேல்தான். சத்தம் நின்றால் நூல் அறுந்திருக்கும். அதை முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டுவார்கள். முதல் நாள் நின்ற சத்தம் மறுபடி கேட்கவேயில்லை. கரண்டியோடு ஓடினேன். தலை கவிழ்ந்து, கண் மூடி இருந்தார். "யோவ், இன்னாய்யா ஆச்சு?" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மூச்சை கவனிச்சிகினு இருந்தேன். நீ உலுக்கின உலுக்குல பிரஷர் ஏறிப்போச்சு" என்று சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று குழம்புக்கு உப்பே போடவில்லை. உப்பைக் குறைக்கத்தான் டாக்டரும் சொல்லியிருந்தார். இவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டார்.

போகப்போக எனக்கும் பழகிவிட்டது. பிரஷர் இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னதும் நானே காவலுக்கு நின்றேன். தறி நின்றால் ரேடியோவை அணைப்பேன். முதலாளியின் ஆளை வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்புவேன்.

ஒருநாள் முற்பகலில் தறி நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் வழக்கம்போல் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தாள். "மெதுவா பேசுடி, தியானத்துல கீறாரு" என்றேன். இருவரும் கிசுகிசுத்தபடி அரிசியில் கல் பொறுக்கினோம். பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறவர் அன்று அரை மணி நேரமாகியும் எழவில்லை. இன்றைக்கு மனசு நன்றாக அடங்கியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பாவி நான்.

உள்ளே போனபோது வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நெய்த பட்டின்மேல் எச்சில் வழிந்திருந்தது. கண் திறந்து என்னையே பார்த்தது.

பக்கவாதம் என்றார்கள். அலமாரியில் ஒரு மாதத்து மாத்திரை பிரிக்காமல் இருந்தது. மனசுதான் அமைதியாகிவிட்டதே, மாத்திரை எதற்கு என்று எனக்குத் தெரியாமல் நிறுத்தியிருக்கிறார். "எப்ப ஆச்சும்மா?" என்று டாக்டர் கேட்டார். "தறி நின்னப்பவே ஆயிருக்கும்" என்றேன்.

நான்கு மாதம் கழித்து அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியை இடது கையால் விலக்கிவிட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"உன்ன கூப்ட்டேன். சத்தம் வரல. நீ அவள மெதுவா பேச சொன்னது கேட்டுது."