மரக்கதவு கேட்டவள்

ரிஃப்கா வேலை பார்த்த கம்பெனிக்குத் தலைமை அலுவலகம் சென்னையில். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட்டு அனுப்புகிற வேலை. ஊரடங்கு வந்த வருஷம் கூத்தாநல்லூரில் இருந்த அம்மா மெஹராஜ் பேகத்தின் வீட்டுக்கு வந்தவள் பிறகு திரும்பிப் போகவில்லை. மாடி அறையில் ஒரு தையல் மிஷின் கிடந்தது. மிஷினைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டாள்.

மறு வருஷம் ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், குவைத்தில் இருந்த அவள் கணவன் அஸார் இறந்துபோனான். செய்தி வந்தபோது ரிஃப்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாராந்திர மீட்டிங்கில் இருந்தாள். அஸாரோடு ஒரே ரூமில் தங்கியிருந்தவர் போனில் சொன்னதை ஒரு காதில் கேட்டாள். மறு காதில் டீம் லீடர் ரெமிஜியஸ் போன மாதத்துத் தவறுகளை வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் அவள் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார். பதில் சொன்னாள். சரியான பதில்தான். மீட்டிங் முடிந்ததும் எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நாற்பது நிமிஷம் கழித்துத்தான் கீழே இறங்கி அம்மாவிடம் சொன்னாள். அந்த நாற்பது நிமிஷமும் என்ன செய்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. அழவில்லை, அது மட்டும் தெரியும்.

அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து வாட்ஸப்பில் ஆஸ்பத்திரிச் சான்றிதழ் வந்தது. அதில் எழுதியிருந்த நோயின் எண் அவளுக்கு மனப்பாடம். தினமும் பத்துப் பதினைந்து தடவை போடுகிற எண்.

இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வெளியே போகக்கூடாது. ஆனால் நாலாம் நாளே லேப்டாப்பைத் திறந்துவிட்டாள்.

“கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கக் கூடாதா புள்ள?” என்றார் மெஹராஜ் பேகம்.

“சும்மா உக்காந்து என்னம்மா பண்றது?”

ரெமிஜியஸிடம், “வீட்டுல ஒரு துக்கம் சார், மூணு நாள் லீவு வேணும்” என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. கேமராவை யாரும் போடுவதில்லை. அதனால் டீமில் ஒருவருக்கும் தெரியாது. அந்த நான்கு மாதத்தில் ஒரு தவறுகூட இல்லை என்று பாராட்டி ஒரு மெயில் வந்தது. படித்துவிட்டு மூடினாள்.

இரண்டு வருஷம் போயிற்று. டெல்டா பக்கத்து ஆட்களுக்காகத் தஞ்சாவூரில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். வாரத்தில் மூன்று நாள் அங்கே போய் உட்கார வேண்டும். அந்த மாடியை ஆபீஸாக உள்ளமைக்கும் வேலையை எடுத்திருந்தவள் ஃபெபி, தரங்கம்பாடிப் பெண். வரைபடம் போடும் முன்னால் பன்னிரண்டு பேர் வீட்டுக்கு நேரில் போனாள். இத்தனை நாள் எங்கே, எப்படி உட்கார்ந்து வேலை செய்தார்கள் என்று பார்க்கவேண்டுமாம்.

கூத்தாநல்லூருக்கும் வந்தாள். தையல் மேசையை டேப் வைத்து அளந்துகொண்டே பேசினாள்.

“எல்லாரும் ஒண்ணுதான்க்கா சொல்றாங்க. தனியாவே இருந்து சலிச்சுப் போச்சு, பெரிய ஹாலா போடுங்க, சேந்து டீ குடிக்க இடம் வைங்கன்னு. உங்களுக்கு என்ன வேணும்?”

“ஒரு சின்ன ரூம். கண்ணாடி வேண்டாம், மரக்கதவு. உள்ளேருந்து தாழ்ப்பாள்.”

“மீட்டிங்குக்கா?”

“இல்ல. யாருக்காவது போன் வரும்ல.”

“போன் பேசறதுக்குத்தான் கண்ணாடி பூத் வைக்கிறோமே.”

“பேசி முடிச்சதுக்கு அப்புறம் இருக்கறதுக்கு,” என்றாள் ரிஃப்கா. பிறகு, பஸ் நேரம் சொல்வதுபோல, “எங்க வீட்டுக்காரர் மௌத்தானது இந்த நாற்காலியில இருக்கும்போதுதான் தெரிஞ்சுச்சு. இங்க கதவு இருந்துச்சு. ஆபீஸ்ல எங்க போயிருப்பேன்?” என்றாள்.

ஃபெபி டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். மெஹராஜ் பேகம் கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டுப் போனாள்.

கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் உள்ளே படுத்துத் தூங்கினால் யார் பொறுப்பு என்றார்கள். ஃபெபி விடவில்லை, ஒரு மாதம் மெயில் மேல் மெயிலாகப் போட்டாள். கடைசியில் பேப்பர்க் கட்டுகள் வைக்க ஒதுக்கிய இடத்தைக் கொடுத்தார்கள். ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், மரக்கதவு. கதவில் பெயர்ப்பலகை எதுவும் வைக்கவில்லை.

பொங்கல் முடிந்து ஆபீஸ் திறந்தது. ரெமிஜியஸும் டெல்டா பக்கத்து ஆள்தான், அங்கேயே வந்து உட்கார்ந்தார். மூன்றாவது வாரம் ரெமிஜியஸுக்கு ஒரு போன் வந்தது. கேட்டபடியே எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டார். அரைமணி நேரம் வரவில்லை. ஹாலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு வந்த கேள்விகளுக்கெல்லாம் ரிஃப்காவே பதில் போட்டாள்.

சாயங்காலம் அவள் மேசையருகே வந்து நின்றார்.

“அம்மாவுக்குக் கேன்சர்னு ரிப்போர்ட் வந்திருக்கும்மா. அந்த ரூமைக் கேட்டது நீங்கதான்னு ஃபெபி சொன்னாங்க. ஏன்னும் சொன்னாங்க. அன்னைக்கு நீங்க லீவு கேட்டப்போ யாருக்குன்னு நான் கேட்டிருக்கணும்.”

“பரவாயில்ல சார். அம்மாவுக்கு எங்க பாக்குறீங்க?”

“திருச்சியிலதான் பாக்கணும்.”

அவர் போனபின், ஏதாவது தோன்றுகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. மிச்சமிருந்த இரண்டு ஃபைல்களை முடித்துவிட்டு மன்னார்குடி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வழி நெடுக அறுப்பு மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னல் வழியாக வைக்கோல் தூசி வந்து விழுந்தது. ஊர் வந்து சேர ஏழு மணியாகிவிட்டது.

“சாப்பிடுறியா?” என்றார் மெஹராஜ் பேகம்.

“வைங்கம்மா, கைகால் கழுவிட்டு வர்றேன்,” என்றாள்.