மேசை மேல் வைத்த நாற்காலி

அந்த நாற்காலிக்குக் கால் கிடையாது. கெட்டியான நுரையில் வார்த்த ஒரே கட்டி. நடுவில் பிள்ளையின் இடுப்பு இறங்க ஒரு குழி, தொடைகள் நுழைய இரண்டு பள்ளம். உட்காரத் தெரியாத பிள்ளையை அதற்குள் இறக்கித் தரையில் வைத்தால், பெரிய மனுஷி மாதிரி நிமிர்ந்து எல்லாரையும் பார்க்கும். என் மகளுக்கு முப்பதாம் நாள் சாமி கும்பிட்டபோது, என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது.

பிரசவ லீவு முடிந்ததும் பிள்ளையை நாத்தனாரிடம் விட்டேன். என் கணவரின் அக்கா, எங்கள் செம்பனைத் தோட்டத்திலேயே இரண்டு வீடு தள்ளி இருப்பவர். விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். அதைப் பிடித்தால்தான் புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் தொழிற்சாலையில் நேரத்துக்கு இறங்க முடியும். பிள்ளையைக் கைமாற்றும்போது நான் கண் கலங்குவேன். "பஸ்ஸு போயிடும், கெளம்புலா" என்று விரட்டுவார். பிள்ளை விஷயத்தில் அவரைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு வேறு யாரும் இல்லை.

நாற்காலி வந்தது அவருக்குப் பெரிய உதவியாக இருந்தது. சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பிள்ளை அதில்தான். சாயங்காலம் நான் போனால், சாமி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பாள். என் மகள் சீக்கிரமே உட்காரப் பழகிவிட்டாள் என்று வேலையிடத்தில் பீற்றிக்கொண்டேன்.

ஊசி போடக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று அந்தப் பெருமை போனது. மலாய்க்கார மிஸ்ஸி, அங்கிருந்த நர்ஸ், அவளைப் பாயில் உட்கார வைத்துக் கையை எடுத்தாள். பிள்ளை துணி மூட்டை மாதிரி முன்பக்கம் மடிந்து விழுந்தாள். இந்த வயதுக்குக் கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டிய முதுகு நிற்கவில்லை. வீட்டில் எதில் உட்கார வைக்கிறீர்கள் என்று கேட்டாள், சொன்னேன். அந்த நாற்காலி பிள்ளையைப் பிடித்து வைக்குமே தவிர உட்காரக் கற்றுக்கொடுக்காது என்றாள். முதுகும் இடுப்பும் செய்ய வேண்டிய வேலையை அது செய்துவிடுகிறதாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் தரையில் மட்டும், கொஞ்ச நேரம், கண்ணெதிரில். மற்ற நேரமெல்லாம் குப்புறப் போடுங்கள், உருளட்டும், விழட்டும், எழட்டும் என்றாள்.

அன்று முதல் எனக்கு ஒரே கவலை. என் பிள்ளை தானாக உட்கார வேண்டும்.

நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆனால் தரை என்றதும் முகம் மாறியது. "தரையில மட்டும் நான் வைக்க மாட்டேன்மா. இந்த மாதிரித் தரைதான் எம்புள்ளய எடுத்துக்கிச்சு."

அந்தக் கதை எனக்குத் தெரியும். தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தில் இருந்த காலத்தில் அவருக்கு ஒரு மகன் இருந்தான். இவர் செம்பனைக்கு மருந்தடிக்கப் போகும்போது, பிள்ளையைச் சிமெண்டுத் தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுக்க வைத்துவிட்டுப் போவாராம். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் இறந்துவிட்டான். தரைக்குளிர் நெஞ்சில் ஏறிவிட்டது என்று லயமே சொன்னது. அதற்குப் பிறகு அவருக்குப் பிள்ளையும் இல்லை, எந்தப் பிள்ளையையும் அவர் தரையில் விட்டதும் இல்லை. தரையில் வைக்கவென்றே செய்த நாற்காலியை அவர் சாப்பாட்டு மேசை மேல்தான் வைத்திருந்தார்.

நாற்காலியின் அடியில் ஒரு படம் ஒட்டியிருந்தது. மேசை மேல் நாற்காலி, அதன் மேல் சிவப்புக் கோடு. அதை அவரிடம் திருப்பிக் காட்டினேன். "படம் போட்டவனுக்கு நம்ம வீட்டுத் தர தெரியுமா?" என்றார். பக்கத்திலேயேதான் இருக்கிறேன், கைலியை வைத்துக் கட்டியும் விடுகிறேன் என்று சமாதானம் சொன்னார். குப்புறப் போடுவதைக் கட்டிலில் செய்கிறேன் என்று அதற்கு மட்டும் இறங்கி வந்தார்.

அந்த நாற்காலியைத் தூக்கி எறிந்திருக்கலாமே என்று பிறகு ஆளாளுக்குச் சொன்னார்கள். பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை.

அன்று மத்தியானம் மழை சாய்ந்து அடித்ததாம். நாத்தனார் ஜன்னலைச் சாத்தத் திரும்பியிருக்கிறார். பிள்ளை முதுகை வில்லாக வளைத்துப் பின்னால் எம்பியிருக்கிறாள். கைலியால் சேர்த்துக் கட்டியிருந்ததால் நாற்காலியும் அவளோடு சேர்ந்து கவிழ்ந்தது. விழுந்தது அவர் பயந்த சிமெண்டுத் தரையில்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் மாறி மாறிக் கேட்டார்கள். எப்படி விழுந்தாள், யார் இருந்தது, எவ்வளவு உயரம். நாத்தனார் ஒவ்வொரு முறையும் தனக்குத் தெரிந்த மலாயில் உண்மையையே சொன்னார். மறைக்கத் தோன்றவில்லை அவருக்கு. என் கணவர் அங்கேயே, எல்லார் முன்னாலும், இனி என் வீட்டு வாசலை மிதிக்காதே என்றார். நான் தடுக்கவில்லை. எனக்கும் நாத்தனாரைக் கொன்றுவிடலாம் போலத்தான் இருந்தது.

பிள்ளை பிழைத்தாள். இடது காதுக்குப் பின்னால் எலும்பில் விரிசல் விட்டிருந்தது, அது கூடிவிட்டது. ஆனால் அந்தக் காது கேட்காது, இனியும் கேட்காது என்று பரிசோதனை செய்து சொன்னார்கள். அதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். பாயை விரித்து அவளைத் தரையில் விட்டேன். உருண்டாள், பாயைத் தாண்டிச் சிமெண்டுக்குப் போனாள், கையை ஊன்றினாள், சரிந்தாள், திரும்ப ஊன்றினாள். ஒரு நாள் இரண்டு கையையும் எடுத்துவிட்டுத் தானாக உட்கார்ந்தாள். அந்தத் தரையில் அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அதை நினைத்தபோது சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

என் கணவர் லோரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்த ஒரு பகலில் நாத்தனார் வந்தார். உள்ளே வரவில்லை. கதவோரம், பிள்ளையின் இடது பக்கமாக நின்றார். பிள்ளை தரையில் உட்கார்ந்து ஒரு கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "தங்கம்" என்று கூப்பிட்டார். பிள்ளை சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் சுவரைத்தான் பார்த்தாள்.

"என்னப் பாக்க மாட்டேங்குறா. நான் செஞ்சதுக்கு அதுதான் சரி" என்றார்.

பிள்ளைக்குக் கோபமில்லை அண்ணி என்று சொல்லலாம். சொன்னால் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு எது லேசு என்று யோசித்தேன். இரண்டும் லேசில்லை. குனிந்து பிள்ளையைத் தூக்கி, வலது பக்கம் கதவை நோக்கி இருக்கும்படி திருப்பி உட்கார வைத்தேன்.

"இப்பக் கூப்பிடுங்க அண்ணி."

கூப்பிட்டார். பிள்ளை நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு பிள்ளை முதலில் திரும்பிய சுவரைப் பார்த்தார், அவளுடைய இடது காதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் அப்படியே எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.