நைனா சொன்ன விமர்சனம்

ஸ்கேன் எடுத்து முடித்ததும், ரிப்போர்ட் சாயங்காலம்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. விஜயபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருப்பதிக்கு வந்தவர், மத்தியானமே திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தார். கடலைக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ரொம்ப நாளாக இருமல். திருப்பதியில் நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு அவரைப் பிடிவாதமாக வரவழைத்தது நான்தான். எக்ஸ்ரேயில் வலது பக்கம் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் உட்காரவே இல்லை. ஒரு கோடிக்குப் போவார், திரும்பி வருவார், சுவரில் எழுதியிருப்பதைப் படிப்பார்.

"கொஞ்சம் குந்து நைனா."

"குந்திக்கினு இன்னா பண்றது?"

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த தெருவில் ஒரு தியேட்டர் இருந்தது. ஏசியில் உட்கார வைத்தால் பொழுது போய்விடும் என்று கூட்டிக்கொண்டு போனேன். என்ன படம் என்றுகூட யோசிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது தெலுங்கில் டப் செய்த ஒரு சூப்பர் ஹீரோ படம். முன் வரிசையில் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம், எல்லோரும் மொட்டைத் தலையோடு, பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

படத்தின் கதை இதுதான். ஹீரோவின் அண்ணன் சின்ன வயதிலேயே இறந்துபோகிறான். ஹீரோவுக்குக் காலத்தைக் கடந்து போகும் சக்தி கிடைக்கிறது. போகிற வழியில் ஒரு கதவு. அதைத் திறந்தால் இன்னொரு உலகம். இதே ஊர், இதே தெரு, இதே வீடு. அங்கே அண்ணன் உயிரோடு இருக்கிறான். ஆனால் அந்த வீட்டில் ஹீரோ இல்லை. அங்கே செத்துப்போனது தம்பி.

அந்த இடம் வந்ததும் எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. போனை எடுத்து மணி பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்களா என்று பார்த்தேன். செருப்பைக் கழற்றினேன், மறுபடி மாட்டினேன். பக்கத்தில் நைனாவோ காலையிலிருந்து முதல் தடவையாக அசையாமல் உட்கார்ந்திருந்தார். இருமல்கூட வரவில்லை.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். சித்தூரில் மாம்பழக்கூழ் பாக்டரியில் வேலை, அங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தது. நைனா என்னைத் திருப்பதியில் சேர்த்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு கூடவே இருந்தார். அதே வாரம் சித்தூரில் அண்ணனுக்கும் காய்ச்சல். போன் பண்ணும்போதெல்லாம், "எனக்கு ஒண்ணுமில்ல, மாத்தர போட்டுக்கினேன், நீ பாப்பாவப் பாரு" என்றுதான் நைனாவிடம் சொன்னானாம். வீட்டில் பாப்பா என்றால் நான்தான். கடைசியில் ரூமில் கூட இருந்தவர்கள் அவனை வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியில் குடிபாலா தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. நான் பிழைத்து வீட்டுக்கு வந்தபோது அவனுடைய காரியமெல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த வாரத்தைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

படம் முடிந்தது. இரண்டு உலகமும் ஒன்றோடொன்று மோதி அழியப் போகிறது என்று தெரிந்ததும், ஹீரோ அண்ணனை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்து கதவை மூடிவிடுகிறான். எல்லோரும் கைதட்டினார்கள்.

வெளியே தெலுங்கு யூடியூப் சேனல்காரப் பெண் ஒருத்தி மைக்கோடு நின்று, படம் பார்த்து வந்தவர்களை மடக்கிக்கொண்டிருந்தாள். கல்லூரிப் பையன்கள் முண்டியடித்தார்கள். "கிராபிக்ஸ் அதிரிபோயிந்தி", அசத்திவிட்டது என்று ஒருவன் கத்தினான். முதல் பாதி இழுவை, இரண்டாம் பாதி சூப்பர் என்றான் இன்னொருவன். காலத்தில் பின்னால் போனால் முதலில் என்ன மாற்றுவாய் என்று அவள் கேட்டதற்கு, பிளஸ் டூ மாதிரியான இன்டர் பரீட்சையை மறுபடி எழுதுவேன் என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் நைனாவின் கையைப் பிடித்து ஓரமாக நடத்திக்கொண்டு போனேன். அதற்குள் அவள் வெள்ளை வேட்டியைப் பார்த்துவிட்டாள்.

"தாத்தா, சினிமா எலா உந்தி?" படம் எப்படி என்று கேட்டாள்.

நைனா நின்றுவிட்டார். அவர் தெலுங்கில்தான் பேசினார். வீட்டில் அதையே எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படி எழுதுகிறேன்.

"படம் நல்லாத்தான் கீது. ஆனா அப்பங்காரனக் காட்டவே இல்லியே."

"எந்த அப்பா தாத்தா?"

"அந்தப் பையனோட அப்பன். இந்த ஊட்லயும் ஒரு புள்ள இல்ல. அந்த ஊட்லயும் ஒரு புள்ள இல்ல. அவன் பாட்டுக்கு அங்க போறான், இங்க வர்றான், சண்ட போட்டுக்கினு கீறான். பெத்தவங்க இன்னா ஆனாங்கன்னு ஒருத்தனும் கேக்கலியே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ ஒருவன் விசில் அடித்தான். அந்தப் பெண்ணுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மைக்கை இன்னும் பக்கத்தில் கொண்டு வந்தாள்.

"சரி, நீங்களா இருந்தா? ரெண்டுல எந்த உலகம் வேணும் தாத்தா?"

போகலாம் நைனா, டைம் ஆகிறது என்று அவர் சட்டையை இழுத்தேன். போய்விட வேண்டும் என்றும் இருந்தது, அவர் என்ன சொல்வார் என்று கேட்க வேண்டும் என்றும் இருந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. தியேட்டர் வாசலில் இருந்த போஸ்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் அந்தக் கதவாண்ட போகவே மாட்டேம்மா. போனா எட்டிப் பாப்பேன். பாத்துட்டா, அப்பால திரும்பி வர முடியாது."

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. திரும்பி வர முடியாது என்றால் என்ன அர்த்தம்? அண்ணனோடு இருந்துவிடுவார் என்றா? அப்படியென்றால் நான்? எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், ஆனாலும் ஆட்டோவில் அழுகை வந்தது.

"நைனா, பாத்துட்டா திரும்ப மாட்டேன்னு சொன்னியே."

"ஆமா."

"நான் இங்க இருக்கேன் இல்ல?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "அதுக்குத்தான போகமாட்டேன்னு சொன்னேன்" என்றார். பிறகு ஆட்டோக்காரரிடம், இந்த ரோட்டில் எப்போது இவ்வளவு கட்டிடம் வந்தது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

ரிப்போர்ட்டில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. எப்போதோ வந்து ஆறிப்போன சளியின் தழும்பு அது, இப்போதைய இருமலுக்கு மாத்திரை போதும் என்றார் டாக்டர். "பசிக்குது பாப்பா, எங்கியாவது தோச துன்னலாமா?" என்றார் நைனா. இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஊருக்குப் போகும் வழியில் உள்ள புத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குப் போனதும் பாத்திரங்களையெல்லாம் அலமாரியிலிருந்து இறக்கி மறுபடி கழுவினேன். என் கணவர் வாங்கித் துடைத்து வைத்தார்.

இரண்டு நாள் கழித்து அந்த வீடியோ வந்தது. அப்பனைக் காட்டவில்லை என்ற இடத்தில் சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தார்கள். கடைசிப் பதிலுக்குச் சோகமாக ஒரு வயலின். ஸ்டாப் ரூமில் பீரியடுக்குப் பீரியட் போனை எடுத்துக் கமெண்ட் படித்தேன். தாத்தா சூப்பர் என்றார்கள். டைரக்டருக்கே தோன்றாத பாயிண்ட் என்றார்கள். தாத்தா யாரைப் பறிகொடுத்தாரோ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுதலாம் என்று பலமுறை டைப் செய்து, பலமுறை அழித்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வீடியோவைக் காட்டி, படத்தின் கதையையும் சொல்லியிருக்கிறார்கள்.

"உங்க நைனா கதவாண்ட போகமாட்டாராமே."

"சும்மா கேட்டாங்கம்மா, அவரும் ஏதோ சொன்னாரு."

"நான் போவேன்" என்றாள் அம்மா. "போயி அவனைக் கையப் பிடிச்சி இஸ்துக்கினு வந்துடுவேன். உலகம் மோதிக்கினா மோதிக்கட்டும். எனக்கு ரெண்டு பேரும் ஒரே ஊட்ல வேணும்."

பிறகு அந்தப் படம் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டாள்.

திருப்பதியில் எடுத்துவிட்டார்கள். தேடிப் பார்த்ததில் சித்தூரில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சி மட்டும் இருந்தது. சித்தூர் என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் போனதிலிருந்து அம்மா அந்த ஊருக்குப் போனதே இல்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "சித்தூர்னா இன்னா, வா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். தியேட்டரில் பாதிக்கு மேல் காலி. சண்டை வந்த இடங்களில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள், தூங்குகிறாளோ என்று நினைத்தேன். கதவு திறந்து அண்ணன்காரன் வெளியே வந்ததும் நிமிர்ந்து முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் திரையைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவில் ஹீரோ கதவை மூடியபோது, "அட, பாவி" என்று சத்தமாகச் சொன்னாள். பின்னால் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது, மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ரோட்டைக் கடக்க வழியில்லாமல் நின்றோம்.

"எப்படிம்மா இருந்தது?"

"அந்த அண்ணங்காரப் பையன் ரொம்ப எளச்சிப் போயிருக்கான்" என்றாள். "அந்த ஊட்ல ஒழுங்கா சோறு போட மாட்டாங்க போல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். டிராக்டர்கள் தீர்வதாகத் தெரியவில்லை. அவை முடியும்வரை அங்கே நிற்க எனக்குப் பொறுமை இல்லை. அம்மாவின் கையைப் பிடித்து, இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டேன். அம்மா வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.