மோர்டன் மாடியறையில் ஒரு கேமரா

1998 செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை. ஹீத்ரோவில் இறங்கிப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது காலை ஆறரை இருக்கும். என் பெயர் எழுதிய அட்டையோடு ஒருவர் நிற்பார் என்று சென்னை அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அட்டைகள் நிறைய இருந்தன, என் பெயர் எதிலும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பாதாள ரயிலுக்கு டிக்கெட் வாங்கினேன். பிக்காடிலி லைனில் லெஸ்டர் ஸ்குவேர் வரை. அங்கே இரண்டு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் படிகளில் இறக்கி, நார்தர்ன் லைனில் அதன் தெற்குக் கடைசி நிலையமான மோர்டன் வரை. வெளியே வந்தால் மெல்லிய தூறல். லண்டனைப் பார்க்க வந்தவனுக்குக் கண்ணில் பட்டது ஒரு பஸ் நிலையமும் ஒரு கறிக்கடையும்தான்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் குகதாசன் என்பவருடைய வீடு. மாடியில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறார் என்று எனக்கு முன் லண்டன் வந்து போன நண்பன் சொல்லியிருந்தான். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்தைந்து வயது, பெட்ரோல் நிலையத்தில் மாலை ஷிப்ட். நான் முதலில் சார் என்றேன். "சார் வேண்டாம் தம்பி. அண்ணை எண்டு சொல்லுங்கோ, காணும்" என்றார். அவர் மனைவி பவளம் அக்கா, வந்த களைப்புக்கு இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டு, குளியலறையில் வெந்நீர் எத்தனை மணி வரை வரும், ஹீட்டரை எப்போது போடலாம், எப்போது போடக்கூடாது என்பதையெல்லாம் சொன்னார். அதிகம் சிரிக்காத முகம்.

அறை சிறியது. சுவரில் படங்கள் ஒட்டிப் பிய்த்த தடங்கள் இருந்தன. இது யாருடைய அறையாக இருந்தது என்று கேட்கத் தோன்றியது. கேட்காமல் தூங்கிவிட்டேன்.

என் வேலை பேங்க் என்ற ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில். பழைய நிரல்களில் ஆண்டை இரண்டு இலக்கமாக எழுதி வைத்திருப்பார்கள். இரண்டாயிரம் பிறக்கும்போது கணினி அதை ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட இடங்களைத் தேடித் திருத்த வேண்டும். கேட்பதற்குச் சுவாரசியமாக இருக்கும். செய்வது அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி. காலையில் மோர்டனில் ரயில் காலியாகவே புறப்படும், உட்கார இடம் கிடைக்கும். மாலையில் ஸ்டாக்வெல் தாண்டும்வரை ஒருவர் அக்குளில் இன்னொருவர் முகம். அக்டோபர் முடிவதற்குள் நாலரை மணிக்கே இருட்ட ஆரம்பித்தது. வெளிச்சத்தை வார இறுதியில்தான் பார்த்தேன்.

அந்த வார இறுதியில் எனக்கு இருந்த ஒரே ஆசை டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு. சென்னை ரிச்சி தெருவைத் துடைத்து, கண்ணாடி போட்டு, விலையைப் பத்து மடங்காக்கினால் அந்தத் தெரு வரும். குட்ஜ் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் இரண்டு பக்கமும் மின்னணுக் கடைகள். சிறிய வட்டத்தட்டில் பாட்டுப் பதியும் கருவிகள், உள்ளங்கையளவு டிவிகள், மடித்தால் கண்ணாடிக்கூடு அளவில் அடங்கும் கைக்கணினி. அந்தக் கைக்கணினியின் மேல்தான் என் கண். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பவுண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் போய், திறந்து, அதன் குட்டி விசைகளை அழுத்திப் பார்த்துவிட்டு வருவேன். கடைக்காரர் குஜராத்தி. மூன்றாவது வாரத்திலிருந்து என்னைப் பார்த்ததும் தானே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, தானும் வருவதாக அண்ணை சொன்னார். ரேடியோ ஒன்று வாங்க வேண்டுமாம். கோட்டு, டை எல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். கடையில் ரேடியோப் பக்கமே அவர் போகவில்லை. கணினிக்கு மேல் உட்காரும் கேமரா ஒன்றைச் செய்துகாட்ட வைத்திருந்தார்கள். கோலிக்குண்டைப் பெரிதாக்கியது போன்ற உருண்டை. எதிரே நிற்பவர் முகம் திரையில் கறுப்பு வெள்ளையில் தெரியும். அண்ணை அதன்முன் நின்று தன் முகத்தைப் பார்த்தார். தலையைச் சரித்தார். திரையில் இருந்தவர் சற்றுத் தாமதமாகச் சரித்தார்.

"உதாலை ரொறன்ரோவிலை இருக்கிற ஆக்களைப் பாக்க ஏலுமோ தம்பி?" என்று கேட்டார். டொரண்டோவை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அங்கேயும் இதேபோல ஒரு கேமராவும் கணினியும் இருந்தால் முடியும் என்றேன். படம் விட்டு விட்டுத்தான் வரும், சினிமா மாதிரி எதிர்பார்க்கக் கூடாது என்றும் சொன்னேன். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பணத்தை எடுத்து வைத்தார். எழுபத்தொன்பது பவுண்டு. பேரம் பேசக்கூட என்னை விடவில்லை.

வெளியே ஒரு சாண்ட்விச் கடையில் தேநீரோடு உட்கார்ந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னார். ஒரே மகள், சுகந்தி. நான் படுத்திருக்கும் அறை அவளுடையதுதான். இங்கே படித்துக்கொண்டிருந்தபோது மன்னாரைச் சேர்ந்த அன்ரன் என்ற கத்தோலிக்கப் பையனை விரும்பினாள். நான்கு வருடத்துக்கு முன் அவனோடு டொரண்டோ போய்விட்டாள். சர்ச்சில் கல்யாணம். அவளை ஒதுக்கி வைத்தவர் அண்ணை அல்ல, அக்கா. சுவரில் இருந்த படங்களைப் பிய்த்தது, பெயரைச் சொல்லக்கூடாது என்றது, ரெலிபோனில் அவள் குரல் கேட்டதும் வைத்துவிடுவது எல்லாம் அக்கா. அண்ணை பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தொலைபேசிக் கூண்டிலிருந்து கார்டு போட்டு மகளோடு பேசுவார். செப்டம்பரில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

"வீட்டிலை அவவுக்குச் சொல்லாதேங்கோ," என்றார். "எனக்குப் பிள்ளையை ஒருக்காப் பாத்தாக் காணும்."

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. நங்கநல்லூரில் எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்குக் கூப்பிடுவேன். மனைவி மகள் கையில் ரிசீவரைக் கொடுப்பாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். அண்ணையிடம் இதைச் சொல்லவில்லை. சரி, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

அன்ரனும் கணினி வேலைதான், கேமராவும் வைத்திருந்தான் என்பது வசதியாகப் போயிற்று. ஒரு வாரம் அவனும் நானும் மின்னஞ்சலில் பேசி, ஒரே மென்பொருளை இரண்டு பக்கமும் ஏற்றினோம். ஞாயிறு பிற்பகல் மூன்று மணி என்று முடிவாயிற்று. அவர்களுக்கு அது காலை பத்து. அண்ணைக்கு ஞாயிறு விடுமுறை. இணையத்துக்குப் போடும் உள்ளூர் அழைப்பின் கட்டணமும் வார இறுதியில் நிமிடத்துக்கு ஒரு பென்னிதான். அக்கா அன்று இல்ஃபோர்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதாக இருந்தார். போய்வர ஒரு நாள் ஆகும்.

மூன்று மணிக்கு அண்ணை சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, அலுவலகம் எனக்குத் தந்திருந்த மடிக்கணினிக்கு முன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கீழே இருந்த தொலைபேசி இணைப்பை நீளமான வயர் போட்டு மாடிக்கு இழுத்திருந்தேன். மோடம் கத்தியது, இரைந்தது, அடங்கியது. இணைப்பு இரண்டு முறை அறுந்தது. வாரம் முழுவதும் கணினியைப் பார்த்த கண்கள் எனக்கு எரிந்தன. இதற்குமேல் முயற்சி வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாயெடுத்தபோது, திரையின் மூலையில் தீப்பெட்டி அளவு சதுரத்தில் ஒரு பெண்ணின் பாதி முகம் வந்து நின்றது.

அண்ணை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சத்தம் போனதா என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்துச் சத்தம் தகரத்தில் மணல் விழுவது மாதிரி வந்தது. தட்டச்சு மட்டும் ஒழுங்காகப் போனது. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தேன். படம் நாலைந்து விநாடிக்கு ஒருமுறை மாறியது. முகம். பிறகு காலி நாற்காலி. பிறகு அவள் மடியில் வெள்ளைத் துணியில் ஒரு குழந்தை.

அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

கதவுப் பக்கம் ஏதோ அசைந்தது போலிருக்கத் திரும்பினேன். பவளம் அக்கா நின்றிருந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நார்தர்ன் லைனில் தண்டவாள வேலையாம். கென்னிங்டனோடு ரயிலை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டிருக்கிறார்கள். மாற்றுப் பஸ்ஸுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். மாடிப்படியில் வயர் போவதைப் பார்த்து அதைத் தொடர்ந்து வந்திருக்க வேண்டும். இதெல்லாம் பிறகு தெரிந்தது.  அப்போது அக்கா கணவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்து நின்றுவிட்டது. மகள் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தாள். குழந்தையின் தலை அவள் முழங்கையிலிருந்து சரிந்து பின்னால் தொங்கியது.

வீட்டில் சண்டை வரப்போகிறது, வேறு அறை தேட வேண்டும் என்றுதான் என் புத்தி ஓடியது. மோர்டனில் அந்த வாடகைக்குக் கிடைக்காது.

அக்கா இரண்டடி உள்ளே வந்தார்.

"பிள்ளையின்ரை தலையைப் பிடிக்கச் சொல்லுங்கோ," என்றார். "கழுத்துத் தொங்குது."

நான் அண்ணையைப் பார்த்தேன்.

"அப்பிடியே அடியுங்கோ தம்பி," என்றார் அவர். "அம்மா சொல்லுறா எண்டும் போடுங்கோ."

அடித்தேன். விரல்கள் தவறின, திருத்தி அடித்தேன். செய்தி போனது. படம் நெடுநேரம் மாறவில்லை. அக்காவின் மூச்சு எனக்குப் பின்னால் கேட்டது. பிறகு மாறியது. குழந்தையின் தலைக்குக் கீழே ஒரு கை வந்திருந்தது. அதற்கடுத்த படத்தில் குழந்தை இல்லை, சுகந்தியின் கண்கள் மட்டும் திரை நிறைய. கேமராவுக்கு அவ்வளவு அருகில் வந்திருந்தாள். அத்தோடு இணைப்பு அறுந்தது.

"ஏன் நிண்டது?" என்று கேட்டார் அக்கா.

"லைன் கட் ஆயிடுச்சுக்கா."

"திருப்பி எடுக்க ஏலாதோ?"

எடுத்தேன். அன்று ஐந்தரை வரை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிறு பிற்பகல் என் அறை என்னுடையதாக இல்லை. வாரத்தில் ஒருநாள் பகலில் தூங்குவேன், அதுவும் போயிற்று. மூன்று மணிக்கு அரைமணி முன்பே அக்கா சேலை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். மன்னிப்பு, அழுகை என்று எதுவும் அந்த அறையில் நடக்கவில்லை. குழந்தைக்குத் தொப்பி போடவில்லை, பால் போதாது, ஜன்னல் பக்கம் வைத்திருக்க வேண்டாம் என்று குறைகளாகவே சொல்லுவார், நான் அடிப்பேன். மருமகன் படத்தில் வரக்கூடாது என்று மட்டும் நிபந்தனை. அன்ரன் அதற்குக் கட்டுப்பட்டு, பால் போத்தலை நீட்டும் கையாக மட்டும் வந்து போனான். ஜனவரியில் ஒருநாள் அந்தக் கை வராதபோது, "அந்தப் பெடியன் எங்கை, வேலைக்குப் போட்டானோ?" என்று அக்கா கேட்டார். அண்ணை என் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்தார்.

பிப்ரவரியில் கைக்கணினியின் விலையை ஐம்பது பவுண்டு குறைத்தார்கள். குஜராத்திக்காரர் வழக்கம்போல எடுத்து வைத்தார். இப்போது என்னிடம் பணம் இருந்தது. திறந்தேன். அதில் என்ன எழுதப் போகிறேன் என்று யோசித்தேன். நாளை செய்ய வேண்டியது இன்று செய்ததேதான், அதைக் குறித்து வைக்கத் தேவையில்லை. மூடி வைத்துவிட்டு, தெருவில் கொஞ்சம் நடந்துவிட்டு, ரயிலேறினேன். வேண்டாம் என்று முடிவெடுத்ததாகக்கூட நினைவில்லை. கால் வலித்தது, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் இன்னும் ஆறு மாதம் இருக்க முடியுமா என்று கேட்டார்கள். கூடுதல் பணம் தருவதாகவும் சொன்னார்கள். முடியாது என்றேன். காரணம் கேட்டார்கள். களைப்பாக இருக்கிறது என்றேன். ஆங்கிலத்தில் அது மிகச் சிறிய காரணமாக ஒலித்தது.

1999 மார்ச், சனிக்கிழமை. அண்ணையின் பழைய காரில் ஹீத்ரோவுக்குப் புறப்பட்டோம். என் மடிக்கணினி அலுவலகத்துக்குத் திரும்பிப் போய்விட்டதால், அண்ணை பழைய கணினி ஒன்றை வாங்கி அதே அறையில் வைத்திருந்தார். மோடத்தை இயக்க அக்காவுக்கு இரண்டு மாலைகள் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதனால் அறையை இனி வாடகைக்கு விடப்போவதில்லை என்றார்கள். அக்காவும் காரில் ஏறிக்கொண்டார். ஆறு மாதத்தில் அவர் யாரையும் வழியனுப்பப் போனதை நான் பார்த்ததில்லை. 

பெட்டியைப் போட்டுவிட்டு வந்து, புறப்பாட்டுப் பலகைக்குக் கீழே மூவரும் நின்றோம். எழுத்துகள் ஓடி ஓடி மாறின. சென்னை விமானத்துக்கு இரண்டு வரிக்கு மேல் டொரண்டோ இருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது போய்ச் சேர எத்தினை மணித்தியாலம் தம்பி?"

ஏழு, எட்டு மணி நேரம் இருக்கும் என்றேன்.

"அவ்வளவுதானோ," என்றார்.

அண்ணை இதைக் கேட்காதவர் போலத் தள்ளுவண்டியைத் திருப்பி வைக்கப் போனார். நான் கும்பிட்டுவிட்டு உள்ளே போனேன். பாதுகாப்பு வரிசை நீளமாக இருந்தது. முன்னால் நின்றவர் பையிலிருந்து ஒவ்வொரு கருவியாக எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு எடுத்து வைக்க எதுவும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது அக்கா பலகையை விட்டு நகர்ந்து, டிக்கெட் விற்கும் கவுண்டருக்கு முன்னால் இருந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். அவருக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.